எழும்பாத ஸ்கோன்: ஒரு சமையலறை நிகழ்வு ஆய்வு

ஸ்கோன் என்பது இங்கிலாந்தில் மாலைத் தேநீரோடு ஜாமும் கிரீமும் வைத்துத் தின்னும் சின்ன வட்டமான பலகாரம். அதன் செய்முறையை யார் எழுதினாலும் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, பால். கலந்து, வெட்டி, சூடான ஓவனில் கால் மணி நேரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதே அரைப் பக்கத்தை வரி பிசகாமல் பின்பற்றியும் தட்டையாக, இறுகிப்போய், கடித்தால் பல் வலிக்கும்படி வருகிற வீடுகள் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டம். அங்கே எக்ஸிட்டர் நகரத்தில் உள்ள அப்படிப்பட்ட ஒரு தமிழ் வீட்டைப் பற்றியது இந்த ஆய்வு. கோளாறு எங்கே இருந்தது, எதை மாற்றியபோது சரியானது, எதை மாற்றியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதை முடிந்தவரை முழுசாக எழுதுகிறேன்.

வீட்டுக்கார அக்கா நாகர்கோவில் பக்கம். மருத்துவமனையில் செவிலியர். சமையலில் கைதேர்ந்தவர். அவர் போடும் சப்பாத்தி மறுநாள் வரை மெத்தென்று இருக்கும், புட்டு ஆவி அடங்குவதற்குள் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு டெவன்கார அம்மா தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அக்கா குடும்பத்தைக் கூப்பிட்டு, சுடச்சுட ஸ்கோனும் ஜாமும் கிளாட்டட் கிரீம் என்ற தடித்த பாலாடையும் தேநீரும் கொடுப்பது அவர் வழக்கம். பதிலுக்குத் தன் வீட்டில் அவரை உட்காரவைத்து, தன் கையால் சுட்ட ஸ்கோனைக் கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. தோசையும் வடையும் கொடுக்கலாம்தான், அந்த அம்மாவும் விரும்பித்தான் சாப்பிடுவார். ஆனாலும் ஒருவருடைய ஊர்ப் பலகாரத்தை அவருக்கே நன்றாகச் செய்து கொடுப்பதில் ஒரு தனி மரியாதை இருக்கிறது என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செய்முறை அந்த அம்மாவிடமிருந்தே வந்தது. பழைய அளவுகளில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்: செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மாவு) 8 அவுன்ஸ், வெண்ணெய் 2 அவுன்ஸ், சர்க்கரை 1 அவுன்ஸ், பால் கால் பைன்ட், உப்பு ஒரு சிட்டிகை. இன்றைய கணக்கில் சுமார் 225 கிராம் மாவு, 55 கிராம் வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை, 140 மில்லி பால். ஓவன் 220 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம். இங்கிலாந்து வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் கணக்கு இது. இதில் தப்பு இருக்க வாய்ப்பே இல்லை. அந்த அட்டையை வைத்துத்தான் அந்த அம்மா வாராவாரம் சுடுகிறார், அவருடையது உயரமாக எழும்பி நிற்கிறது.

அக்காவின் தட்டில் வந்தது பிஸ்கட்டும் இல்லை, ரொட்டியும் இல்லை. உயரம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. மேலே நிறம் வந்திருந்தது, உள்ளே நெருக்கமாக, லேசாக ரப்பர் போல இழுத்தது. கையால் பிட்டால் இரண்டாகப் பிரியவில்லை, கத்தி தேவைப்பட்டது. நல்ல ஸ்கோனுக்கு நடு இடுப்பில் தானாக ஒரு வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் கட்டைவிரலை வைத்துத் திருப்பினால் மேல்பாதி தனியே வந்துவிடும். கிராமத்துக் கண்காட்சிகளில் நடக்கும் போட்டிகளில் நடுவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். அக்காவின் ஸ்கோனில் அது எங்கேயும் இல்லை.

எழும்ப வைப்பது எது

கோளாறைத் தேடும் முன் ஸ்கோன் எதனால் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அதன் பிறப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்கோன் ஸ்காட்லாந்தில் பிறந்தது. அங்கே முதலில் ஓட்ஸ் மாவிலும் பார்லி மாவிலும் பெரிய வட்டமாகத் தட்டி, அடுப்பில் வைத்த கனமான இரும்புக் கல்லில் சுட்டு, முக்கோணத் துண்டுகளாக வெட்டித் தின்றார்கள். அது எழும்பாது, எழும்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இன்று நாம் காணும் உயரமான, மெத்தென்ற ஸ்கோன் 19ஆம் நூற்றாண்டின் பிள்ளை. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு ரொட்டி செய்து கொடுப்பதற்காகவே பேர்டு 1843இல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1845இல், பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரர் ஹென்றி ஜோன்ஸ் சோடாவையும் அமிலத்தையும் மாவிலேயே கலந்து செல்ஃப் ரைசிங் மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலில் காய்ந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்குப் புது ரொட்டி கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கடற்படையை ஏற்கவைக்க ஆண்டுக்கணக்கில் போராடினார். மாலுமிக்காகப் பிறந்த அந்த மாவு இங்கிலாந்தின் வீட்டுச் சமையலறைகளுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது.

மாலைத் தேநீரும் ஏறக்குறைய அதே காலம்தான். பெட்ஃபோர்டின் ஏழாம் பிரபுவின் மனைவி அன்னா மரியா, மதிய உணவுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் நடுவில் பசி தாங்காமல், 1840 வாக்கில் மாலையில் தேநீரும் கொஞ்சம் தின்பண்டமும் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார், பிறகு தோழிகளையும் கூப்பிடத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த முதல் தட்டுகளில் இருந்தது வெண்ணெய் தடவிய ரொட்டியும் கேக்கும். ஸ்கோன் பின்னால்தான் வந்து சேர்ந்தது. ரயில் எக்ஸிட்டருக்கு 1844இல் வந்தது. டமார் ஆற்றின் மேல் பொறியாளர் புரூனெல் கட்டிய பாலம் 1859இல் திறந்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாவட்டமான கார்ன்வால் வரை ரயில் போனது. கோடை விடுமுறைக்கு வந்த கூட்டத்துக்கு இந்தப் பக்கத்துப் பண்ணைப் பாலும் கிரீமும் நன்றாகவே பிடித்துப்போயின.

இந்த வரலாற்றிலிருந்து நமக்குத் தேவையான சேதி ஒன்றுதான்: ஸ்கோனை எழுப்புவது ஈஸ்ட் அல்ல, ரசாயனம். ஈஸ்டுக்கு மணிக்கணக்கில் நேரம் உண்டு. வலுவாகப் பிசைந்த மாவைக்கூட அது மெல்ல மெல்ல ஊதிப் பெருக்கிவிடும். பேக்கிங் பவுடருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஈரம் பட்டதும் ஒரு பங்கு வாயு வெளிவரும், ஓவனின் சூடு பட்டதும் மீதி. மாவில் உள்ள புரதமும் ஸ்டார்ச்சும் வெந்து இறுகிவிட்டால் அதற்குப் பிறகு எழும்ப இடமில்லை. அந்தச் சில நிமிடங்களுக்குள் மாவு தடுக்காமல் வழிவிட வேண்டும்.

அக்கா என்ன செய்தார்

ஒரு விடுமுறை நாளில் அக்கா வழக்கம்போலச் செய்யட்டும் என்று குறுக்கே பேசாமல் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் இந்த ஊரில் ஒரு சிறிய பேக்கரியில் வேலை பார்ப்பதால் கண் தானாகவே சில இடங்களுக்குப் போகும். இருந்தாலும் முதலில் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

செல்ஃப் ரைசிங் மாவு பாதி எடுத்தார், மீதிப் பாதி கோதுமை மாவு. "வெறும் மைதாவைத் திங்கிறதுக்கு இது உடம்புக்கு நல்லதுல்லா" என்றார். வெண்ணெயைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்திருந்தார், அது குழைந்து இருந்தது. மாவில் போட்டு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பாலை ஊற்றிப் பிசைந்தார். கையில் ஒட்டியது, மாவு தூவினார். மறுபடி ஒட்டியது, மறுபடி தூவினார். உருண்டை வழவழப்பாகும் வரை, விரலால் அழுத்தினால் குழி மேலே எழும்பி வரும் வரை பிசைந்தார். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைத்தார். பிறகு சப்பாத்திக் குழவியால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தார். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அழுத்தி, ஒரு திருகு திருகி வட்டங்களை எடுத்தார். தட்டில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தார். ஓவனைப் போட்டுவிட்டு, அது சூடேறும்போதே தட்டையும் உள்ளே வைத்தார்.

பார்த்து முடித்ததும் எனக்குப் புரிந்தது, அக்கா செய்த ஒவ்வொரு காரியமும் நல்ல சமையல்காரி செய்கிற காரியம். ஒன்றுகூட அலட்சியம் இல்லை. சப்பாத்திக்கு எது எது நல்லதோ அத்தனையையும் கை தானாகச் செய்தது. குறிப்பு அட்டையில் 'வெண்ணெயை மாவில் தேய்க்கவும், பாலைச் சேர்த்து மாவாக்கவும்' என்றுதான் இருக்கிறது. எவ்வளவு தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று அதில் இல்லை. அதை எழுதிய அம்மாவுக்கு எழுதத் தோன்றியிருக்காது, அவர் கை சின்ன வயதிலிருந்து அதில்தான் பழகியது. அக்காவின் கை வேறு மாவில் பழகியது. ஒரே வரியை இரண்டு கைகளும் வேறு வேறாகப் படித்தன.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தியிருந்தால் ஸ்கோன் எழும்பியிருக்கும். எது எழுப்பியது என்று தெரிந்திருக்காது. அதனால் பாதி அளவு மாவில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம்.

முதலில் சந்தேகம் மாவிலிருந்த பேக்கிங் பவுடர் மேல். பை திறந்து பல மாதம் ஆனால் ஈரம் இறங்கிச் சக்தி போய்விடும். தனி பேக்கிங் பவுடரைச் சோதிப்பது எளிது: ஒரு தேக்கரண்டியைக் கொதிக்கும் சூட்டுத் தண்ணீரில் போட்டால் சீறிப் பொங்க வேண்டும். செல்ஃப் ரைசிங் மாவுக்கு அந்தச் சோதனை சரிவராது, அதனால் புதுப் பை வாங்கிச் செய்தோம். பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது ஓவன். முழுதாக 220 டிகிரி வந்த பிறகு, தட்டையும் உள்ளேயே காயவைத்து, சூடான தட்டில் வட்டங்களை வைத்தோம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 200 போதும், கேஸ் ஓவனில் எண் 7. அடிப்பகுதி நன்றாக வந்தது, உயரம் கொஞ்சம் கூடியது. உள்ளே நெருக்கம் அப்படியே இருந்தது.

பிறகு மாவு. கோதுமை மாவை விட்டுவிட்டு முழுக்கச் செல்ஃப் ரைசிங் மாவில் செய்தோம். இங்கே தெளிவான மாற்றம் தெரிந்தது. காரணம் இரண்டு. ஒன்று, எழுப்பும் பொருள் மாவுக்குள்ளேயே இருக்கிறது, பாதி மாவை மாற்றினால் வாயுவும் பாதியாகிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கோதுமை மாவு சேர்க்கத்தான் வேண்டும் என்றால் அந்தப் பங்குக்குத் தனியாகப் பேக்கிங் பவுடர் போட வேண்டும், 150 கிராமுக்கு இரண்டு தேக்கரண்டி என்பது வழக்கமான அளவு. இன்னொன்று, சப்பாத்தி மாவில் புரதம் அதிகம், தவிடும் உண்டு. இங்கே கேக்குக்கும் ஸ்கோனுக்கும் விற்கும் மாவு மென்மையான கோதுமையில் அரைத்தது, புரதம் நூற்றுக்கு ஒன்பது பத்து அளவில்தான் இருக்கும். நம் ஊர்க் கடை மைதாவுக்கு நெருக்கமானது.

அப்படியும் ஸ்கோன் இறுக்கமாகத்தான் இருந்தது. எழும்பியது, மெத்தென்று ஆகவில்லை.

துப்பு கிடைத்தது அக்கா வீட்டில் அல்ல, பக்கத்து வீட்டில். அந்த அம்மா சுடும் தட்டில் எப்போதும் ஒன்றிரண்டு கோணலாக, குள்ளமாக இருக்கும். அவற்றை விருந்தாளிக்கு வைக்க மாட்டார், சமையலறையிலேயே தனக்கென்று ஒதுக்கிவிடுவார். ஏன் என்று கேட்டபோது, வெட்டியது போக மிஞ்சிய ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து மறுபடி வெட்டியவை அவை என்றார். அதே மாவு, அதே வெண்ணெய், அதே ஓவன், அதே கை. கூடுதலாக நடந்தது ஒன்றே ஒன்று, இன்னொரு முறை பிடித்துச் சேர்த்தது. அவ்வளவு சின்னக் காரியத்துக்கே உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் குறைகிறது என்றால், பத்து நிமிடம் பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்த மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விளக்கம் இதுதான். கோதுமை மாவில் ஈரம் பட்டதும் அதிலுள்ள குளுட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் பிணைந்து குளூட்டன் ஆகும். பிசையப் பிசைய அது நீண்டு, இறுகி, இழுத்தால் திரும்பிச் சுருங்கும். சப்பாத்தி கிழியாமல் விரிவதும் உப்புவதும் இந்த வலுவால்தான். ஸ்கோனில் இதே வலு வாயுவை எதிர்த்து நிற்கிறது. வெண்ணெயை மாவில் தேய்ப்பதே இந்தப் பிணைப்பைத் தடுக்கத்தான்: கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றிப் படிந்தால் தண்ணீர் உள்ளே போவது குறையும், வலை தொடர்ச்சியாகப் பின்னாது. வெண்ணெய் முப்பது டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். உள்ளங்கையின் சூடு அதற்குப் போதும். இளகிவிட்டால் மாவு பசையாகிறது. குளிர்ந்த துணுக்காகவே இருந்தால் ஓவனில் உருகும்போது அந்த இடம் வெற்றிடமாகிறது, வெண்ணெயில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரும் ஆவியாகி அடுக்கைத் தூக்குகிறது. மூடிவைத்த அரை மணி நேரமும் கெடுதல்தான், ஈரம் பட்டதும் கிளம்பிய வாயு அந்த நேரத்தில் வீணாகிவிடும்.

புட்டுக்கு மாவு பிசறுகிற கை

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் மாவில் கை வைத்ததும் பழைய வேலைதான் நடந்தது. குறைவாகப் பிசையுங்கள் என்று சொன்னால் போதவில்லை, 'குறைவு' எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டுமே. ஆங்கிலக் குறிப்புகளில் 'ரொட்டித் தூள் மாதிரி வரும் வரை' என்று இருக்கும். ரொட்டித் தூள் அக்காவின் சமையலில் இல்லாத பொருள், அதை வைத்து எங்கே நிறுத்துவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வழி அவரிடமே இருந்தது. நாகர்கோவில்காரருக்குப் புட்டு மாவு பிசறச் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் நுனியால் தண்ணீரைத் தெளித்து, தெளித்து, கட்டி தட்டாமல், அழுத்தாமல் பிசறுவது. கைப்பிடியில் பிடித்தால் பிடிபட வேண்டும், லேசாக அழுத்தினால் உதிர வேண்டும். வெண்ணெய் சேர்த்த ஸ்கோன் மாவுக்கும் நிறுத்த வேண்டிய இடம் ஏறக்குறைய அதுதான். "அக்கா, சப்பாத்தியை மறந்துடுங்க, புட்டுக்கு மாவு பிசறுற மாதிரி பிசறுங்க" என்றேன். அக்கா ஒரு நிமிடம் மாவைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, மக்களே" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல் நுனிகளால் பிசறத் தொடங்கினார். பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

வெண்ணெய் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தது, சிறு துண்டுகளாக வெட்டியது. பிசறி முடித்ததும் சர்க்கரை, உப்பு. நடுவில் குழி செய்து குளிர்ந்த பாலை மொத்தமாக ஊற்றி, கையை வைக்காமல், முனை மழுங்கிய சாப்பாட்டு மேசைக் கத்தியால் வெட்டி வெட்டிக் கலப்பது. இது இந்த ஊர்ப் பழைய முறை, மிக நல்ல முறை. கத்தி மாவைச் சேர்க்குமே தவிர இழுக்காது, சூடும் ஏற்றாது. மாவு ஒன்றுசேர்ந்ததும் மேசையில் தட்டி, இரண்டு முறை மெதுவாக மடித்துவிட்டால் போதும். மேலே திட்டுத் திட்டாக, கரடுமுரடாகத்தான் இருக்கும். கையிலும் ஒட்டும். அந்த ஈரம்தான் ஓவனில் ஆவியாகித் தூக்கப் போகிறது. ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போகாமல் இருப்பதுதான் அக்காவுக்குக் கடைசி வரை சிரமமாக இருந்தது.

அடுத்த முக்கியமான மாற்றம் கனம். ஒரு சென்டிமீட்டருக்குத் தேய்த்த மாவு எவ்வளவு நன்றாக எழும்பினாலும் இரண்டைத் தாண்டுவது கஷ்டம். குழவியைத் தொடாமல் கையாலேயே இரண்டரை சென்டிமீட்டருக்குத் தட்டிவிட்டால், எழும்பியபின் நாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உயரம் குறைவு என்று வருத்தப்படுகிற பலரும் பேக்கிங் பவுடரைக் கூட்டுகிறார்கள். அதிகம் போட்டால் நாக்கில் சோப்புச் சுவை தட்டும், எழும்பியதும் உட்கார்ந்துவிடும். முதலில் அளவுகோலை எடுத்து மாவின் கனத்தைப் பார்ப்பது நல்லது.

வெட்டுவது பற்றி இந்த ஊரில் ஒரு பெரிய பயம் உண்டு: அச்சைத் திருகினால் ஸ்கோன் எழும்பாது என்பார்கள். நாங்கள் திருகியும் திருகாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டோம். திருகியவை சாய்ந்து எழும்பின, உயரத்தில் பெரிய குறைவில்லை. அதைவிட டம்ளர்தான் கெடுத்தது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு உள்ளே மடித்து உருட்டியது, மழுங்கல். அது மாவை வெட்டாமல் நசுக்குகிறது, ஓரத்து அடுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. அடி மூடியிருப்பதால் காற்று உள்ளே மாட்டி மாவை அமுக்கவும் செய்கிறது. இரண்டு பக்கமும் திறந்த, கூரான வளையம் ஒன்று வாங்கியது பயனுள்ள செலவு. அதுவும் கைவசம் இல்லையென்றால் கூரான கத்தியால் சதுரமாக வெட்டிவிடலாம், மிச்ச ஓரமே வராது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

மேலே பாலோ முட்டையோ தடவும்போது பக்கவாட்டில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழிந்தால் அந்தப் பக்கம் ஒட்டி இறுகி, கோணலாக எழும்பும். தட்டில் தள்ளி வைப்பதற்குப் பதிலாக விரல் இடைவெளியில் நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று துணையாக நேராக எழும்பும்.

இத்தனைக்கும் பிறகு வந்த தட்டில் ஸ்கோன் உயர்ந்து, இடுப்பில் வெடித்து, கையால் பிட்டால் பிரிந்தது. எது எவ்வளவு உதவியது என்று வரிசைப்படுத்தச் சொன்னால், என் கணிப்பில் பிசைவதை நிறுத்தியது முதலிடம், கனம் இரண்டாவது, மாவு மூன்றாவது. ஓவனும் வளையமும் அதற்குப் பின்னால்.

மேசையில்

அக்கா அந்த அம்மாவை ஒரு ஞாயிறு நாலு மணிக்கு அழைத்தார். ஓட்டல்களில் வைப்பது போல மூன்றடுக்குத் தட்டு, சாண்ட்விச், கேக் எதுவும் இல்லை. ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், கிளாட்டட் கிரீம், தேநீர் மட்டும். இந்தப் பக்கத்தில் இதைக் கிரீம் டீ என்பார்கள்.

கிளாட்டட் கிரீம் பற்றித் தெரியாதவர்களுக்கு: கொழுப்பு நிறைந்த பாலையோ கிரீமையோ அகலமான பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிடாமல் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால் மேலே மஞ்சள் நிறத்தில் தடித்த ஆடை படியும். அதை வழித்தெடுப்பதுதான். குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு. கார்ன்வால் கிரீமுக்கு 1998இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. ஸ்கோன் மேல் எதை முதலில் வைப்பது என்பதில் இரண்டு மாவட்டங்களுக்கும் தீராத வழக்கு: டெவனில் கிரீம் கீழே, ஜாம் மேலே, கார்ன்வாலில் ஜாம் கீழே, கிரீம் மேலே. 2018இல் கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் மாளிகை வெளியிட்ட ஒரு படத்தில் கிரீம் கீழே இருந்தது. அதற்குக் கிளம்பிய கோபத்தில் மாளிகை நிர்வாகம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா டெவன்காரர், வெண்ணெய் தடவுவது போலக் கிரீமைத்தான் முதலில் தடவுவார். ஆறிய ஸ்கோனுக்கு அது சரி. சூடான ஸ்கோனில் கிரீம் உருகி ஓடிவிடும், ஜாம் முதலில் வைப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்த மேசையில் நான் அதைச் சொல்லவில்லை.

தேநீர் இலங்கைத் தேயிலை. இந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பு குறைந்த மென்தண்ணீர், லண்டன் தண்ணீரில் படிவது போல மேலே ஏடு படியாது, சுவை தெளிவாக இறங்கும். பானையைச் சூடுபடுத்தி, கொதித்த தண்ணீர் ஊற்றி, நாலு நிமிடம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து இந்த இலையைப் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் கைகள். அவர்களின் வழிவந்தவர்களுக்கு 1948இல் குடியுரிமையே இல்லாமல் போனது. இங்கிலாந்தின் மாலைத் தேநீரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று அக்காவும் அதைச் சொன்னார், அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கோனை அவர் கத்தி தொடாமல் இரண்டாகப் பிரித்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

பிறகு

இப்போது அக்கா பாலுக்குப் பதில் மோர் ஊற்றிச் செய்து பார்க்கிறார். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மோர் ஊற்றுவது பழைய வழக்கம், அதிலுள்ள அமிலம் சோடாவோடு சேர்ந்து வாயு தரும். செல்ஃப் ரைசிங் மாவில் சோடாவும் அமிலமும் ஏற்கெனவே சமமாகக் கலந்திருப்பதால், மோர் ஊற்றும்போது கால் தேக்கரண்டி சமையல் சோடா கூடுதலாகச் சேர்ப்பது நல்லது. உள்ளே வெள்ளையாக, இன்னும் மென்மையாக வருகிறது, லேசான புளிப்பு ஜாமோடு நன்றாகச் சேர்கிறது. கடைத் தயிரைக் கரைத்தாலும் போதும், ரொம்பத் தண்ணீராக இல்லாமல் கரைக்க வேண்டும்.

ஸ்கோன் சுட்ட அன்றைக்கே தின்ன வேண்டியது, மறுநாள் வறண்டுவிடும். இரவுப் பணி இருக்கும் வாரங்களில் அக்கா வட்டங்களை வெட்டியதும் சுடாமல் அப்படியே உறையவைத்துப் பையில் போட்டுவிடுகிறார். வேண்டும்போது வேண்டிய எண்ணிக்கையை எடுத்து, உறைநிலை கலையவிடாமல் நேராகச் சூடான ஓவனில் வைத்து, மூன்று நாலு நிமிடம் மட்டும் கூட்டிச் சுடுகிறார். உயரம் கொஞ்சம் குறைகிறது, இடுப்பில் வெடிப்பு விழுகிறது. அவருடைய ஓவனில் பின்வரிசை சீக்கிரம் சிவந்துவிடுவதால் எட்டாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது.